ஸ்டீயரிங் பாக்ஸை மாற்றுவதற்கு முன்: உயர்த்தப்பட்ட பழைய பிக்கப்பில் ஆட்டம் எங்கிருந்து வருகிறது?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இதுதான். டெக்சாஸில் 1985-ஆம் ஆண்டு ஷெவர்லே கே10 பிக்கப் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். முன்பு வைத்திருந்த யாரோ அதை 4 அங்குலம் உயர்த்தி, 35 அங்குல டயர்களை மாட்டியிருக்கிறார். ஸ்டீயரிங் வளையம் ஏறக்குறைய 3 அங்குலம் சும்மா நகர்ந்த பிறகுதான் சக்கரம் திரும்புகிறது; 60 மைல் வேகத்தில் வண்டி நேராக நிற்காமல் அலைகிறது; பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது தானாக ஒரு பக்கம் வெட்டுகிறது. ஸ்டீயரிங்கின் அதிர்வை அடக்கும் டாம்பரைப் புதிதாக மாட்டியும் பலனில்லை. பணிமனையில் ஸ்டீயரிங் பாக்ஸை, அதாவது வளையத்தின் சுழற்சியைச் சக்கரத்தைத் தள்ளும் அசைவாக ஆக்கும் பற்களுள்ள பெட்டியை, மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். உண்மையில் உங்களுக்குத் தேவைப்படுவது மாற்றலாமா, வேண்டாமா என்ற பதில் அல்ல. இந்தத் தளர்வு எந்த உறுப்பிலிருந்து வருகிறது என்பதைக் காசு செலவழிப்பதற்கு முன்பே கண்டுபிடிக்கும் வழிதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். முன்னச்சும் ஸ்டீயரிங்கும் பழுதுபார்ப்பது பல ஆண்டுகளாக என் தொழில். ஆனாலும் உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. ஆகவே எது நிச்சயம், எது ஊகம் என்பதை ஆங்காங்கே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் ஒரே குறையாகச் சொல்வது மூன்று வெவ்வேறு குறைகள். வளையம் சும்மா நகர்வது இணைப்புகளில் உள்ள ஆட்டம். தேய்ந்தோ கழன்றோ போன ஏதோ ஓர் உறுப்பு அதற்குக் காரணம். நேர்ச்சாலையில் அலைவது ஆட்டத்தாலும் வரலாம். ஆட்டமே இல்லாத வண்டியிலும் காஸ்டர் கோணம் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சுக்கோட்டின் பின்சாய்வு) குறைந்தாலோ டயர் சரியில்லாமல் போனாலோ வரலாம். மேடு பள்ளத்தில் தானாகத் திரும்புவது பெரும்பாலும் தேய்மானத்தைச் சேர்ந்ததே அல்ல. அது வண்டியை உயர்த்தியதால் கம்பிகளின் சாய்வு மாறியதன் விளைவு. புதிய பாக்ஸ் மாட்டினால் முதல் குறை ஒருவேளை தீரலாம், இரண்டாவது சற்றுக் குறையலாம், மூன்றாவது அப்படியே இருக்கும். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

அளவுகளைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்த்தால் எதைத் தேட வேண்டும் என்பது தெளிவாகும். வளையத்தின் விட்டம் 16 அங்குலம் என்றால் அதன் சுற்றளவு 50 அங்குலத்துக்குச் சற்று மேல். அதில் 3 அங்குலம் என்பது ஏறக்குறைய 21 டிகிரி. ஸ்டீயரிங் விகிதத்தை, அதாவது சக்கரம் 1 டிகிரி திரும்ப வளையம் எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்பதை, தோராயமாக 17-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், சக்கரத்தின் அளவில் அது ஒன்றேகால் டிகிரிதான். இதையே தலைகீழாகப் பாருங்கள்: சக்கரத்தைத் திருப்பும் 15 செ.மீ. நீளக் கையான ஸ்டீயரிங் ஆர்மின் முனையில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால், அது வளையத்தில் 2 செ.மீ.க்கு மேல் தெரியும். கண்ணுக்கு அற்பமாகத் தெரியும் ஆட்டங்கள் மூன்று இடங்களில் சேர்ந்தாலே உங்களுடைய 3 அங்குலம் வந்துவிடும். பழைய வண்டிகளில் ஒரே ஓர் உறுப்பு குற்றவாளியாக இருப்பது அரிது என்பதற்கு இதுவே காரணம்.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன் சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும். ஜாக்கியில் தூக்கிவிட்டுப் பார்ப்பவர்கள் பாதி ஆட்டத்தைத் தவறவிடுகிறார்கள். சுமை இல்லாத இணைப்பு எதிர்ப்பே இல்லாமல் நகர்ந்துவிடும், தரையை அழுத்தி நிற்கும் டயர்தான் தேய்ந்த இடத்தை வெளியே காட்டும். ஒருவர் உள்ளே அமர்ந்து எஞ்சினை ஓடவிட்டு, வளையத்தை மணி 11-க்கும் 1-க்கும் இடையே மெதுவாக இடமும் வலமும் அசைக்க வேண்டும். இன்னொருவர் கீழே இருந்து ஒவ்வோர் இணைப்பையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். விசிறியிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் சட்டை, கை, தலைமுடி விலகியிருக்கட்டும். அசையும் இரண்டு உறுப்புகளின் மேலும் சேர்த்து ஒரு விரலை வைத்தால், ஒன்று நகர்ந்து மற்றது தாமதிப்பதைக் கண்ணுக்கு முன்பே விரல் சொல்லிவிடும். ஆனால் இரண்டுக்கும் நடுவே விரல் சிக்காதபடி மேற்புறத்தில்தான் வைக்க வேண்டும். ஆட்டத்தை அளப்பதையும் எஞ்சின் ஓடும்போதே செய்யுங்கள்: பவர் ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் வால்வை இயக்கும் முறுக்குத் தண்டு ஒன்று உண்டு, எஞ்சின் நின்றிருக்கும்போது அது வளைந்துகொடுப்பதும் ஆட்டம் போலத் தோன்றும்.

மேலிருந்து கீழே போகலாம். சாய்க்கக்கூடிய ஸ்டீயரிங் காலம் (வளையத்தைத் தாங்கும் தூண்) உள்ள அந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில், சாயும் பகுதியைப் பிடித்திருக்கும் உள் திருகுகள் கழல்வது பரவலாக அறியப்பட்ட குறை. வளையத்தைச் சுற்றாமல் மேலும் கீழுமாக, பக்கவாட்டிலும் தள்ளிப் பாருங்கள். காலத்தின் தலைப்பகுதி முழுவதும் ஆடினால் அந்தத் திருகுகளே காரணம். இது சக்கரத்தைத் திருப்புவதில் பெரிய ஆட்டத்தைக் கொடுக்காது என்றாலும், ஓட்டுபவருக்கு எல்லாமே தளர்ந்துவிட்டது போன்ற உணர்வைத் தரும். அடுத்தது, காலத்தின் தண்டு பாக்ஸோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பரும் துணியும் சேர்ந்த வட்டத் தட்டு. பட்டறைகளில் ராக் ஜாயிண்ட் என்பார்கள். நாற்பது வருடம் எஞ்சின் சூட்டையும் எண்ணெய்க் கசிவையும் தாங்கிய ரப்பர் மென்மையாகிவிடும். மேல் தண்டு திரும்பி, பாக்ஸுக்குள் போகும் தண்டு அதே கணத்தில் திரும்பவில்லை என்றால் ஆட்டம் இங்கேதான். எல்லாவற்றிலும் மலிவான பழுது இது; பாக்ஸை மாற்றச் சொன்னவர்கள் இதைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். 1973 முதல் 1987 வரையிலான இந்த வரிசை நான்கு சக்கர இயக்க பிக்கப்களில், ஸ்டீயரிங் பாக்ஸ் மாட்டப்பட்டிருக்கும் இடத்தில் வண்டியின் இடது பக்க அடிச்சட்டம் விரிசல் விடுவது நன்கு அறியப்பட்ட குறை. இதற்கென்றே வெல்டிங் செய்து பொருத்தும் தகடுகள் கடைகளில் விற்கப்படுகின்றன என்பதிலிருந்தே அது எவ்வளவு பரவலானது என்று தெரிந்துகொள்ளலாம். காரணம் எளியது. இந்த வண்டிகளில் பாக்ஸிலிருந்து வெளியே நிற்கும் கையான பிட்மேன் ஆர்ம் முன்னும் பின்னுமாக ஆடி, டிராக் லிங்க் என்ற நீளமான கம்பி மூலம் இடது சக்கரத்தைத் தள்ளி இழுக்கிறது. பெரிய டயரை நின்ற இடத்தில் திருப்புவதற்கு வேண்டிய விசை முழுவதும், பாக்ஸைப் பிடித்திருக்கும் மெல்லிய சட்டத்தின் மேல் எதிர்விசையாக விழுகிறது. தொழிற்சாலை மாட்டிய டயருக்குக் கணக்கிட்ட சட்டம், 35 அங்குல டயரோடு வருடக்கணக்கில் பார்க்கிங் இடங்களில் போராடினால் போல்ட் துளையின் ஓரத்திலிருந்து கீறல் தொடங்கும். அந்த இடத்தில் சேறும் எண்ணெயும் படிந்திருப்பதால் அது கண்ணில் படாது. கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்து, சட்டத்தின் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் பிரகாசமான விளக்கில் பாருங்கள். துருப்பிடித்த மெல்லிய கோடு ஒன்று துளையிலிருந்து கிளம்பினால் அதை வண்ணப்பூச்சின் வெடிப்பு என்று ஒதுக்காதீர்கள். சந்தேகமிருந்தால், விரிசலுக்குள் ஊறி நிறம் காட்டும் சாயத் தெளிப்பான் உதவும். உதவியாளர் வளையத்தை அசைக்கும்போது பாக்ஸ் சட்டத்தைவிட்டு நகர்ந்தால் போல்ட்கள் கழன்றிருக்கின்றன. பாக்ஸும் சட்டமும் ஒன்றாகச் சேர்ந்து நெளிந்தால் சட்டமே பலவீனப்பட்டிருக்கிறது. விரிசல் இருந்தால் அதைத் திறமையான வெல்டர் முனையில் துளையிட்டு நிறுத்தி, கீறலைக் குடைந்து நிரப்பி, மேலே தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டும். மேலோட்டமாக ஒரு கோடு வெல்டிங் போட்டு அனுப்புவது ஆபத்தை மறைத்து வைப்பதே. விரிசலைக் கண்ட பிறகு அந்த வண்டியைப் பணிமனைக்கு ஓட்டிச் செல்லாதீர்கள், இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். இந்த விரிசல் இருக்கும் வண்டியில் புதிய பாக்ஸ் மாட்டினால், முதல் சில வாரம் நன்றாக இருப்பது போலவும் தோன்றும் என்பதுதான் இதில் மோசமானது.

இப்போது பாக்ஸைப் பற்றி. உள்ளே போகும் தண்டு திரும்பியும் பிட்மேன் ஆர்ம் சிறிது நேரம் நகராமல் இருந்தால் ஆட்டம் பாக்ஸுக்குள் இருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் அதனால் மட்டுமே பாக்ஸ் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டிவிட முடியாது. சாகினா தயாரிப்பான இந்த வகை பாக்ஸில், உள்ளே நகரும் பல் வரிசையும் பிட்மேன் தண்டின் பல்லும் நடுநிலையில் மட்டும் இறுக்கமாகப் பொருந்தும்படியும், இருபுறமும் திரும்பியபோது சற்றுத் தளர்வாக இருக்கும்படியும் வெட்டப்பட்டிருக்கும். நேராக ஓடும்போது ஆட்டம் தெரியக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. வண்டியை உயர்த்தும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிட்மேன் ஆர்முக்கும் சக்கரத்தின் ஸ்டீயரிங் ஆர்முக்கும் உள்ள தூரம் மாறுகிறது, டிராக் லிங்கின் நீளம் மாறவில்லை. அதனால் சக்கரங்கள் நேராக நிற்கும்போது பாக்ஸ் தன் நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் தள்ளி நிற்கும், வளையமும் கோணலாக நிற்கும். லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் உறுப்புத் தொகுப்பு) மாட்டியவர் டிராக் லிங்கின் நடுவில் உள்ள திருகுக் குழாயைச் சரிசெய்து வளையத்தை நேராக்கியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, வளையத்தைக் கழற்றி நேராகத் திருப்பி மாட்டிவிட்டவர்கள் ஏராளம். அப்படிச் செய்திருந்தால் நீங்கள் நெடுஞ்சாலையில் ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் பாக்ஸின் தளர்ந்த பகுதியில்தான் ஓட்டுகிறீர்கள்; பாக்ஸ் நன்றாகவே இருந்தாலும் ஆட்டம் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க, டிராக் லிங்கைப் பிட்மேன் ஆர்மிலிருந்து கழற்றிவிட்டு, வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகச் சுற்றி எண்ணுங்கள். லிங்கைக் கழற்றாமல் எண்ணினால் பாக்ஸின் எல்லை தெரியாது. அச்சில் உள்ள தடுப்புத் திருகுகளே முதலில் நிறுத்திவிடும். கோடியில் வேகமாக மோதவிடவும் கூடாது. மொத்தச் சுற்றில் பாதி வந்த இடம்தான் பாக்ஸின் உண்மையான நடு. சக்கரங்கள் நேராக நிற்கும்போது பாக்ஸ் இந்த இடத்தில் இல்லை என்றால், திருகுக் குழாயை அதற்கேற்ப நீட்டியோ குறைத்தோ மாட்டுங்கள். இரு முனையிலும் போதிய மரை உள்ளே இருக்கிறதா என்று பார்த்து கிளாம்ப்களை இறுக்குங்கள். அதன்பிறகு வளையத்தை நேராக்கிக்கொள்ளலாம். இதற்குச் செலவு ஒரு மாலை நேரமும் நட்டைப் பூட்டும் ஒரு புதிய காட்டர் பின்னும் மட்டுமே.

பாக்ஸின் மேல்மூடியில் பூட்டு நட்டோடு உள்ள சரிசெய்யும் திருகை எல்லோருக்கும் தெரியும்; தெரிந்திருப்பதே தொல்லையாகிவிடுகிறது. நடுநிலையில் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளியைத்தான் அது குறைக்கிறது. முறையாகச் செய்வதென்றால் பாக்ஸைக் கழற்றி, உள்தண்டின் பேரிங் இறுக்கத்தை முதலில் சரிசெய்து, பிறகுதான் இந்தத் திருகை, தண்டைச் சுற்றத் தேவைப்படும் விசையை அளந்தபடி வைக்க வேண்டும். வண்டியிலேயே செய்வதென்றால் பாக்ஸ் நடுநிலையில் இருக்க வேண்டும். பூட்டு நட்டைத் தளர்த்தி, கடிகாரத் திசையில் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகக்கூடாது. திருப்பிய பிறகு வளையம் தானாக நடுவுக்குத் திரும்பவில்லை என்றால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள் என்று பொருள். அப்படி ஓட்டினால் பல் தேயும், வண்டியும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறி மாறித் திருத்த வேண்டிய நிலைக்கு வரும். மற்ற எல்லாவற்றையும் சோதித்த பிறகு கடைசியாகத் தொட வேண்டிய திருகு இது. இதற்கும் அடங்காத ஆட்டம் நடுநிலையில் இருந்தாலோ, பிட்மேன் தண்டு தன் புஷ்ஷில் பக்கவாட்டில் ஆடி அங்கே எண்ணெய் கசிந்தாலோ, பாக்ஸை மாற்றுவது நியாயமே.

டிராக் லிங்கின் இரு முனைகளையும், முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராடின் இரு முனைகளையும் பார்க்கும்போது ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. கம்பியைக் கையால் பிடித்துத் தன் அச்சில் உருட்டினால் அது சற்று உருளும். பந்து இணைப்பின் இயல்பு அது, தேய்மானம் அல்ல. பந்து தன் கிண்ணத்துக்குள் மேலும் கீழுமோ பக்கவாட்டிலோ நகர்வதுதான் தேய்மானம். மேலே கணக்கிட்ட 1 மி.மீ. நினைவில் இருக்கட்டும். ரப்பர் உறை கிழிந்து, கிரீஸுக்குப் பதிலாக மணலும் தண்ணீரும் இருந்தால், இன்று ஆட்டம் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். உயர்த்திய வண்டியில் இன்னோர் உறுப்பையும் பார்க்க வேண்டும்: இடது நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கி அதோடு திரும்பும் உறுப்பு) மேல் ஸ்டட்களால் (மரைத் தண்டுகளால்) பிடிக்கப்பட்டிருக்கும் ஸ்டீயரிங் ஆர்ம். லிஃப்ட் கிட்டோடு வரும் உயரமான ஆர்மைத் தொழிற்சாலை ஆர்முக்குப் பதிலாக மாட்டியிருப்பார்கள். அந்த ஸ்டட்களும் அவற்றின் கூம்பு வாஷர்களும் சரியாக உட்காரவில்லை என்றால் ஆர்ம் நக்கிளின் மேல் துளி நகரும். நகர்ந்துகொண்டே ஸ்டட்டை அறுத்துவிடும். ஆர்மின் அடியில் பளபளப்பான உரசல் தடமோ செந்நிறத் துருப்பொடியோ தெரிந்தால் உடனே வண்டியை நிறுத்துங்கள். இந்த ஒரே ஆர்ம்தான் உங்கள் ஸ்டீயரிங் வளையத்தையும் இரு முன் சக்கரங்களையும் இணைக்கிறது.

அடுத்து அச்சை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டின் மேல் இறக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் உதவியாளரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் நக்கிளைத் தாங்கும் பந்து இணைப்பான பால் ஜாயிண்ட். இந்த முன்னச்சில் வீல் பேரிங் கழற்றிச் சரிசெய்யக்கூடியது என்பது உங்கள் அதிர்ஷ்டம். உட்புற நட்டும் வெளிப்புற நட்டும், நடுவில் பூட்டு வாஷரும் இருக்கும். அதற்கான நான்கு பல் சாக்கெட்டை வாங்கியோ இரவல் பெற்றோ, அந்த ஆண்டின் சர்வீஸ் கையேட்டில் உள்ள இறுக்க அளவின்படி செய்யுங்கள். நட்டின் விளிம்பில் உளியும் சுத்தியலுமாகத் தட்டிய தடம் இருந்தால் முன்பு யாரோ குத்துமதிப்பாக இறுக்கியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். அகலமான பெரிய டயர் இருக்கும்போது பேரிங் தளர்வதற்கு அதுவே போதும்.

பட்டை ஸ்பிரிங்குகளையும் விட்டுவிடக்கூடாது. அச்சை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்திருந்தாலும், ஸ்பிரிங்கின் முனையைப் பிடிக்கும் ஷேக்கிளின் புஷ் நைந்திருந்தாலும், சக்கரம் திரும்புவதற்கு முன்பே அச்சு முழுவதும் நகரும். உள்ளே இருப்பவர் வளையத்தை அசைக்கும்போது ஸ்பிரிங்கின் பக்கமாகத் தலையை வைத்துப் பாருங்கள். சக்கரம் திரும்பாமல் அச்சு நகர்வது தனியாகத் தெரியும். முன் அச்சுக்கு உயரமான ஸ்பிரிங்குக்குப் பதிலாக யாராவது இரும்புக் கட்டை வைத்து உயர்த்தியிருந்தால், வேறெதையும் யோசிக்காமல் அதை எடுத்துவிட்டு முறையான ஸ்பிரிங் போடுங்கள். பிரேக் பிடிக்கும்போது அச்சு உருளும் விசையை அந்தக் கட்டை தாங்காது.

இதுவரை சொன்னவை தேய்மானம். பாலத்தில் ஏறும்போது வண்டி வெட்டுவதற்கு விளக்கம் வேறு. டிராக் லிங்க் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாக இருந்தால், அச்சு மேலே ஏறும்போது அதன் கிடைநீளம் பெரிதாக மாறாது. சாய்ந்து நின்றால் மாறும். 75 செ.மீ. நீளமுள்ள கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கிடையாக இருக்கையில் அச்சு 5 செ.மீ. ஏறினால் கிடைநீளம் 2 மி.மீ.க்கும் குறைவாகவே மாறும். அதே கம்பி 15 டிகிரி சாய்ந்திருந்தால் ஏறக்குறைய 12 மி.மீ. மாறும். ஸ்பிரிங் அழுந்தும்போது அச்சும் சற்று முன்பின் நகர்வதால் உண்மையான எண் இதிலிருந்து வேறுபடும், ஆனால் விகிதம் இதுதான். அந்த 12 மி.மீ. முழுவதும் நீங்கள் வளையத்தைத் தொடாமலே சக்கரத்தைத் திருப்புகிறது. எனவே டிராக் லிங்கைப் பக்கவாட்டிலிருந்து ஒரு புகைப்படம் எடுங்கள். உயரமான ஸ்டீயரிங் ஆர்ம் மாட்டாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியிருந்தால் சாய்வு அப்பட்டமாகத் தெரியும். ஆர்மை மாற்றுவதே அதற்கு மருந்து. இதைவிட அதிகமாக உயர்த்தும் எண்ணம் இருந்தால், இரு சக்கர இயக்க வண்டியின் பாக்ஸை மாட்டி, டிராக் லிங்கைக் குறுக்காக வலது நக்கிளுக்குக் கொண்டுபோகும் மாற்று அமைப்பு இருக்கிறது. அதற்கு மேற்பரப்பு தட்டையாகச் சீவப்பட்ட வலது நக்கிள் வேண்டும், செலவும் கணிசமானது. 4 அங்குல உயரத்துக்கு அது அவசியம் என்று நான் கருதவில்லை.

அலைவதைப் பொறுத்தவரை காஸ்டர் கோணத்தை அலைன்மெண்ட் இயந்திரத்தில் அளந்து, அச்சிட்ட தாளைக் கையில் வாங்குங்கள். நக்கிள் திரும்பும் அச்சுக்கோட்டின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதுதான் திருப்பிய சக்கரத்தைத் தானாக நேராக்குகிறது. அந்தச் சாய்வு குறைந்தால் எல்லா உறுப்பும் புதிதாக இருந்தாலும் வண்டி அலையும். பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட அதிகமாக உயர்த்தியிருந்தால் அதுவே காஸ்டரைத் தின்றுவிடும்: நீளமான சரக்குப் பெட்டி உள்ள வண்டியில் முன், பின் சக்கரங்களுக்கு இடையேயான தூரம் 131.5 அங்குலம், பின்புறம் முன்புறத்தைவிடக் கூடுதலாக 2 அங்குலம் ஏறினால் ஏறக்குறைய 0.9 டிகிரி போய்விடும். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே எஃகு ஆப்பு வைத்துக் காஸ்டரைக் கூட்டலாம். ஆனால் அச்சைத் திருப்பும்போது முன் டிஃபரன்ஷியலின் முகமும் கீழே திரும்பி, முன் டிரைவ் ஷாஃப்டின் கோணம் கூடும். நான்கு சக்கர இயக்கத்தில் அதிர்வு வரலாம். எவ்வளவு ஆப்பு என்பதை அளவைப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன்.

டயர்களைப் பற்றிச் சுருக்கமாக: காற்றழுத்தம் குறைந்தால் உயரமான பக்கச்சுவர் நெளிந்து தாமதிக்கும், கூடினால் நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டு வண்டி சாலையின் ஒவ்வொரு பள்ளத்தையும் தேடிப் போகும். முன் டயர்களையும் பின் டயர்களையும் மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். அலைச்சலின் தன்மை மாறினால் டயருக்கும் பங்கு உண்டு. வெளியே தள்ளி நிற்கும் அகலமான ரிம், சாலையின் அடியை ஸ்டீயரிங்குக்கு நேராகக் கொண்டுவரும். டோ அளவும், அதாவது முன் சக்கரங்களின் முன்விளிம்புகள் நோக்கும் திசையும், சற்று உள்நோக்கி இருக்க வேண்டும். வெளிநோக்கி இருந்தால் அலைச்சல் நிச்சயம். பம்பும் எண்ணெயும் ஆட்டத்துக்குக் காரணமாவது அபூர்வம். டாம்பர் அதிர்வை அடக்கும் உறுப்பு. ஆட்டத்தையும் கோணத்தையும் அதனால் சரிசெய்ய முடியாது. நீங்கள் அதை மாற்றியும் ஒன்றும் மாறாததில் வியப்பில்லை.

உங்கள் விவரிப்பை மட்டும் வைத்து ஊகிக்கச் சொன்னால், வளையத்தின் ஆட்டத்துக்கு ராக் ஜாயிண்ட், நடுவிலிருந்து தள்ளி நிற்கும் பாக்ஸ், டிராக் லிங்க் முனைகள் மூன்றும் சேர்ந்து காரணமாக இருக்கலாம் என்றும், பாலத்தில் வெட்டுவதற்கு டிராக் லிங்கின் சாய்வே காரணம் என்றும் சொல்வேன். இரண்டாவதில் எனக்கு உறுதி அதிகம், முதலாவதில் குறைவு. சட்டத்தின் விரிசல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்; ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அதுவே. அதையும் ஸ்டீயரிங் ஆர்மின் ஸ்டட்களையும் பார்த்து முடிக்கும்வரை நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். 3 அங்குல ஆட்டத்தோடு அந்த வேகத்தில் ஓட்டுவதை எந்த நிலையிலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பணிமனைக்காரர்களிடம் சண்டை வேண்டாம். உதவியாளர் வளையத்தை அசைக்கும்போது உள்தண்டு திரும்பியும் பிட்மேன் ஆர்ம் நிற்பதை உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள், பாக்ஸ் அந்த நேரத்தில் நடுநிலையில் இருந்ததா என்றும் கேளுங்கள். காட்டிவிட்டால் பாக்ஸை மாற்றலாம். அப்படி மாற்றும்போது புதிய பாக்ஸை முதலில் நடுவில் நிறுத்தி, பிட்மேன் ஆர்மை மாட்டி, சக்கரங்களை நேராக வைத்து, டிராக் லிங்கின் நீளத்தை அதற்கேற்பச் சரிசெய்த பிறகே வளையத்தைத் தொட வேண்டும் என்று வேலைச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.